மூன்றாவது கூப்பாடு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் தங்கநேசம் அக்கா. என் இளைய மகள் தலைப்பிரசவத்துக்குப் படுத்திருந்த ஆடி மாசம், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவர். அவர் சொல்லி முடித்தபோது வார்டே சிரித்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

குமிழங்காட்டில் ஒரு பெரிய மருத மரம். அதன் அடியில்தான் காட்டுக் கோர்ட்டு. நீதிபதி யானையம்மா. நல்ல மனசுக்காரர்தான். ஆனால் வழக்குகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. எது சீக்கிரம் முடிந்தாலும் சரி என்று இருந்தார், பாவம்.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. டவாலி மயில் உச்சாணிக் கிளையில் நின்று, வழக்குக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடும். ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்த கூப்பாட்டுக்கும் நடுவில் தோகையை ஒரு தரம் விரித்து மூடும். அவ்வளவுதான் நேரம். மூன்றாவது கூப்பாட்டுக்குள் வந்து நிற்காவிட்டால் அன்றைக்குத் தோல்வி. முதல் தடவை தவறினால் இன்னொரு நாள் குறிப்பார்கள். இரண்டாம் தடவையும் தவறினால் தீர்ந்தது. அப்புறம் உருண்டு புரண்டு அழுதாலும் கேட்பாரில்லை.

கெட்ட எண்ணத்தில் யாரும் கொண்டுவந்த வழக்கம் இல்லை அது. ஆதியில் மான்களும் பறவைகளும் மட்டும்தான் கோர்ட்டுக்கு வந்தன. கூப்பிட்டால் நாலு துள்ளலில் வந்து நிற்கும். பிறகு ஊர்கிறவர்களும் நகர்கிறவர்களும் தங்கள் வழக்கோடு வரத் தொடங்கினார்கள். வழக்கத்தை மாற்றத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வழக்கத்தின் நெளிவு சுளிவு அத்தனையும் தெரிந்தவன் வக்கீல் கெம்பையன். செந்நிற நரி. எதிராளி மெதுவாக நடக்கிறவர் என்று தெரிந்தால் போதும், பொழுது விடிந்ததும் முதல் ஆளாக வந்து குனிந்து நிற்பான்.

"கனம் அம்மா! எங்கள் வழக்கை முதலில் கூப்பிட்டால் தங்களுக்கும் ஒரு வேலை குறையுமே!"

யானையம்மாவும் சரி என்று தலையாட்டிவிடுவார். கெம்பையன் வாயைத் திறக்காமலே ஜெயித்துவிடுவான்.

அப்படித்தான் மணலியின் வழக்கும் வந்தது. மணலி தரை ஆமை. முதுகில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு இருக்கும். ஓடையோரத்து மணல் மேட்டில்தான் வருஷா வருஷம் முட்டையிடுவாள். காட்டுப்பன்றி கோரையன் அந்த மேடு முழுவதும் தனக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டான். அவனுக்கு வக்கீல் கெம்பையன்.

"மணலி!" என்று கூப்பிட்டது மயில். தோகையை விரித்தது, மூடியது. "மணலி!" மறுபடி விரித்தது, மூடியது. "மணலி! ஆஜரா?"

அப்போது காற்றில் ஒரு சின்னக் குரல் வந்தது. வெகு தூரத்தில், "இருக்கேன்! வந்துகிட்டிருக்கேன்!" என்று.

யானையம்மாவின் காதருகே ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவருக்குக் கேட்கவில்லை. மயிலுக்குத் தன் குரல்தான் கேட்கும். நரிக் காது கூர்மையல்லவா? கெம்பையனுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் காதை மெல்ல மடக்கிக்கொண்டு, "யாரும் இல்லை, கனம் அம்மா!" என்றான்.

மறு நாளாக அடுத்த மாதத்து வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள்.

அந்த வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை, வெளியூர் ஏரியிலிருந்து ஒரு கூழைக்கடா வந்து இறங்கினாள். போகிற ஊரிலெல்லாம் வக்கீல்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துவது அவளுடைய ஊழியம். யானையம்மாவைப் பார்த்துப் பேசினாள். "எல்லா வக்கீலும் போகணும்! தலைவலி, வயித்துவலின்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது!" என்று யானையம்மா உத்தரவு போட்டுவிட்டார்.

குளக்கரையில் வக்கீல்கள் கூடினார்கள். கெம்பையன், குரங்கு தாவடி, இரண்டு கிளிகள், ஒரு கீரி.

"சர்ட்டிபிகேட் உண்டாக்கா?" என்று கேட்டான் தாவடி.

"இல்ல தம்பி."

"சாப்பாடு?"

"மீன் உண்டு."

"நான் மீன் சாப்பிட மாட்டேனே!"

"அப்ப ஜெபம் பண்ணலாம், வா!" என்றாள் கூழைக்கடா. கிளிகள் கெக்கலித்துச் சிரித்தன.

அவள் அந்தப் பெரிய அலகை மார்போடு தாழ்த்திக்கொண்டாள். "படைத்தவரே, எங்களுக்கு வாயைக் கொடுத்தீர். வாயில்லாதவர்களை எங்களிடம் அனுப்புகிறீர். அவர்கள் முகத்தைப் பார்க்கிற கண்ணையும் கொடும்!" என்றாள். அவ்வளவுதான் ஜெபம்.

இரண்டு நாள் அவள் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொருவரும் ஜெயித்த வழக்கைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கெம்பையன் வாலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"கடைசியா யாரைத் தோற்கடிச்சீங்களோ, நாளைக்கு அவங்க வீட்டிலேருந்து கோர்ட்டுக்கு நடந்து வாங்க. அவங்க கூடவே, அவங்க நடையில. ஒரு அடிகூட முந்தக் கூடாது!"

"இவ்வளவுதானா?" என்றான் தாவடி. அவன் கடைசியாகத் தோற்கடித்தது ஒரு மானை. "நான் மத்தியானத் தூக்கத்துக்கு வந்துருவேன்! கெம்பையண்ணே, உமக்கு யாரு?"

"ஆமை," என்றான் கெம்பையன் சுரத்தில்லாமல்.

தாவடி கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

வியாழக்கிழமை விடியலில் கெம்பையன் மணல் மேட்டுக்குப் போனான். மணலி ஏற்கெனவே புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் முட்டை நிறைந்திருந்ததால் நடையே பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது.

"வாங்க வக்கீல் ஐயா! வெறும் ஓடு மட்டும்தான் மிச்சம். அதையும் எழுதி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லக்கா. உங்ககூட கோர்ட்டு வரைக்கும் நடக்கச் சொல்லி உத்தரவு."

"நடங்க, நடங்க. போன தடவை பாதி ராத்திரியில கிளம்பித்தான் கெட்டேன். இந்தத் தடவை முந்தின நாளே கிளம்புறேன். பின்னாலேயே வாங்க. வாலை மிதிச்சுராதீங்க, இருக்கிறதே இத்தனூண்டு!"

கெம்பையன் ஓர் அடி வைத்தான். நின்றான். மணலி பத்து அடி வைத்தாள். அவன் இன்னோர் அடி வைத்தான். நின்றான். அவன் வாழ்நாளில் அந்தப் பாதையை நூறு தடவை ஓடியிருக்கிறான். அதில் இத்தனை கல் கிடந்தது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லையும் மணலி சுற்றிப் போனாள். ஒரு வேரைத் தாண்ட மூன்று முறை சறுக்கினாள். ஒரு தடவை மல்லாந்து விழுந்தாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? புரட்டி விடுங்க!"

அவன் மூக்கால் முட்டிப் புரட்டிவிட்டான்.

"யாரும் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

"யாராவது வர்ற வரைக்கும் வானத்தைப் பார்த்து ஆண்டவரோட பேசிட்டுக் கிடப்பேன். வேற என்ன?"

வெயில் ஏறியது. ஓர் ஆலம் வேர் அருகே வந்ததும் மணலி நின்றாள்.

"இந்த இடம்தான் வக்கீல் ஐயா. போன தடவை இங்க வர்றப்போதான் மயில் கூப்பிட்டுச்சு. என் பலம் அத்தனையும் சேர்த்துக் கத்தினேன், இருக்கேன்னு! யார் காதிலேயும் விழலை."

கெம்பையன் அன்றைக்கு மடக்கிய காதைத் தரையோடு தாழ்த்தினான். விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை. ஊரையே பேசி மடக்குகிற வாய்!

மணலி மேலே நடக்கவில்லை. கண்ணை இறுக மூடி, நகத்தால் மண்ணைப் பற்றினாள். பிறகு சுற்றித் திரும்பினாள். வந்த வழியே.

"அக்கா! கோர்ட்டு இந்தப் பக்கம்!"

"தெரியும் தம்பி. பாதி வழிகூட வரலை, அதுக்குள்ள வயித்தைப் பிடிச்சு இழுக்குது. இனி நடந்தா பாதையிலேயே முட்டையைப் போட்டுருவேன். வெறுந்தரையில போட்டா நாளைக்கே எறும்புக்கு ஆச்சு. மேட்டுல போட்டா..." அவள் குரல் தணிந்தது. "மேடு நாளைக்குக் கோரையனுக்கு. அவன் தோண்டுவான். எப்படியும் போகப் போற முட்டைதான். ஆனாலும் பெத்தவ நல்ல இடத்துலதானே வைக்கணும்?"

அவள் போய்விட்டாள். போய்விட்டாள் என்றால், ரொம்ப நேரம் கண்ணுக்குத் தெரிந்தபடியே போய்க்கொண்டிருந்தாள்.

கெம்பையன் ஆலம் வேரில் உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், தலையைத் தாழ்த்தினான். "ஆண்டவரே, எனக்கு ஜெயிக்கத் தெரியும். நியாயமாக நடக்கத் தெரியவில்லை. நீர்தான் சொல்லித் தரவேண்டும்," என்றான். வேறு அலங்காரம் ஒன்றும் அவனுக்கு வரவில்லை.

எழுந்தவன் நேரே கோரையனிடம் போனான்.

"கோரையா, நாளைக்கு உன் வழக்கை நான் நடத்த முடியாது. வேற வக்கீலைப் பார்த்துக்கோ. நீ என்கிட்ட நம்பிச் சொன்ன எதையும் நான் வெளியே சொல்ல மாட்டேன். ஆனா என் தப்பு ஒண்ணு இருக்கு. அதைக் கோர்ட்டுல சொல்லியே ஆகணும்."

"என்னய்யா, வெயில்ல நடந்து மண்டை குழம்பிருச்சா?" என்று உறுமினான் கோரையன். "நீ போ! தாவடி இருக்கான் எனக்கு!"

வெள்ளிக்கிழமை காலை. தாவடி முதல் ஆளாக வந்து குனிந்து நின்றான். "கனம் அம்மா! எங்கள் வழக்கை முதலில் கூப்பிட்டால்..." என்று ஆரம்பித்தான். யானையம்மா தலையாட்டினார்.

"மணலி!" தோகை விரிந்தது, மூடியது.

"மணலி!" தோகை விரிந்தது.

"நிறுத்துங்க!" என்று நடுவில் பாய்ந்தான் கெம்பையன். "அந்தத் தோகையை மூடாதீங்க!"

மயில் அப்படியே விரித்தபடி நின்றுவிட்டது.

"ஆட்சேபம்! ஆட்சேபம்!" என்று குதித்தான் தாவடி. "இவர் நேத்து வரைக்கும் எங்க கட்சி! அந்த ஆமைக்காக இவர் பேசக் கூடாது!"

"வாஸ்தவம்," என்றான் கெம்பையன். "நான் ஆமைக்காகப் பேச வரலை. கோரையனுக்கு எதிராகவும் பேச வரலை. என் பேரிலேயே புகார் சொல்ல வந்தேன். கனம் அம்மா, போன தடவை மணலி 'இருக்கேன்'னு கத்தினாள். எனக்குக் கேட்டது. கேட்டும், யாரும் இல்லைன்னு தங்களிடம் சொன்னேன்."

காதருகே மொய்த்த ஈயைக்கூட யானையம்மா விரட்டவில்லை.

"ஏன் அப்படிச் செய்தாய்?"

"ஜெயிக்கத்தான் அம்மா. நேத்து அவளோட நடந்து பார்த்தேன். விடிஞ்சு கிளம்பி, உச்சி வெயில் வரைக்கும் பாதி வழி தாண்டலை. இங்கே தோகை ரெண்டு தரம் மூடுறதுக்குள்ளே எத்தனை பேர் இப்படிப் பாதி வழியிலே தோத்தாங்களோ! நம்ம கூப்பாடு ஓடத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் கேக்குது. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னே தாங்களும் ஒரு தரம் அந்த வழியில நடந்து பாருங்க."

யானையம்மா தும்பிக்கையை உயர்த்தினார்.

"கெம்பையா! பொய் சொன்னதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் நீ வாதாடக் கூடாது!"

"சரி அம்மா," என்றான் அவன். மனசு இறகுபோல் லேசாக இருந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

"மற்றவர்கள் எழுந்திருங்கள்! கோர்ட்டு நடக்கப் போகிறது!"

"எங்கே நடக்கப் போகிறது, கனம் அம்மா?" என்றது மயில்.

"காலால் நடக்கப் போகிறது! நீயும் இறங்கு!"

கோர்ட்டு புறப்பட்டது. முன்னால் யானையம்மா, பின்னால் வக்கீல்கள், கோரையன், தோகையைத் தூக்கிப் பிடித்த மயில், வேடிக்கை பார்க்கிற கூட்டம். கூழைக்கடா மேலே பறந்து வந்தாள்.

கொஞ்ச தூரத்தில் பாதை நடுவே ஒரு நத்தை.

"எங்கே போகிறாய்?" என்று கேட்டார் யானையம்மா.

"கோர்ட்டுக்குங்க! என் பேரைக் கூப்பிட்டாங்க!"

"எப்போது?"

"போன மழைக்காலத்துலங்க! அதுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். யானையம்மா சிரிக்கவில்லை. அந்த நத்தையின் வழக்கை 'ஆள் வரவில்லை' என்று முடித்தது அவர்தான். தும்பிக்கையால் மெல்ல எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பச்சோந்தி. "இதோ வந்துட்டேன்னு ஒரு காலைத் தூக்கினேம்மா. காலைக் கீழே வைக்கிறதுக்குள்ளே தீர்ப்பு வந்துருச்சு!" அதையும் முதுகில் ஏற்றிக்கொண்டார். அப்புறம் ஒரு மரவட்டை. "இத்தனை கால் இருந்தும் தோத்துட்டேனே அம்மா!" அப்புறம் கால் ஒடிந்த ஒரு முயல். மேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் யானையம்மாவின் முதுகு கொள்ளாமல் வழக்குக்காரர்கள்! அவர்கள் பாட்டு வேறு பாடத் தொடங்கிவிட்டார்கள். தாளத்துக்குக் கிளிகள் விசில் அடித்தன. கோர்ட்டு வருகிறதா, கல்யாண ஊர்வலம் வருகிறதா என்று தெரியாமல் வழியெல்லாம் அணில்கள் எட்டிப் பார்த்தன.

மணல் மேட்டில் மணலி பின்னங்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயோ! நான் வரலைன்னு கோர்ட்டே வந்துருச்சா?"

"பயப்படாதே, மணலி. உன் பேரைக் கூப்பிட வந்தோம்," என்றார் யானையம்மா. மயிலைப் பார்த்தார். மயில் அவள் மூக்குக்கு நேரே நின்று, சின்னக் குரலில், "மணலி! ஆஜரா?" என்றது.

"இருக்கேன்!" என்றாள் மணலி.

கூட்டம் கைதட்டியது. சிறகு இருந்தவர்கள் சிறகைத் தட்டினார்கள்.

"கோரையா, நீ சொல். இந்த மேடு எப்படி உனக்குச் சொந்தம்?"

"மூணு தலைமுறையா நாங்க கோரைக்கிழங்கு தோண்டுற இடம் அம்மா!" என்றான் கோரையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு.

யானையம்மா கீழே ஓடையோரத்துச் சேற்றைப் பார்த்தார். அங்கே கோரை அடர்ந்து நின்றது. மேட்டின் காய்ந்த மணலைப் பார்த்தார். ஒரு புல்லும் இல்லை.

"சேற்றில் கோரை முளைத்திருக்கிறது. காய்ந்த மணலில் ஒரு தண்டுகூட இல்லையே? இங்கே என்ன தோண்டினீர்கள்?"

"முட்டை அம்மா!" என்றான் கோரையன் சட்டென்று. அப்புறம்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே உறைத்தது. தாவடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

காடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு! கடைசியில் கோரையனும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டான்.

"சேறு கோரையனுக்கு. அங்கே தோண்டுவதை யாரும் தடுக்கக் கூடாது. மணல் மணலிக்கு. இங்கே யாரும் மூக்கை நீட்டக் கூடாது!" என்று தீர்ப்புச் சொன்னார் யானையம்மா. "இன்னொன்றும் கேளுங்கள். இன்றிலிருந்து மரத்தின் மேலிருந்து கூப்பாடு கிடையாது. மயில் முந்தின நாளே வழக்குக்காரரின் வாசலுக்குப் போய்ச் சொல்லவேண்டும். வர முடியாதவரிடம் கோர்ட்டு போகும். இந்த வழியைத் தோற்றவரோடு நடந்து பார்க்காத யாரும் என் முன்னால் வக்கீலாக நிற்கக் கூடாது!"

"நான் நடந்துட்டேன் அம்மா! மானோட!" என்றான் தாவடி.

"நீ நத்தையோடு நட!" என்றார் யானையம்மா.

மயில் முதலில், வீடு வீடாகப் போனால் தோகை அழுக்காகுமே என்று முணுமுணுத்தது. வாசல்தோறும் எல்லாரும் வெளியே வந்து தோகையைப் பார்ப்பார்கள் என்று கூழைக்கடா சொன்னதும், அன்றைக்கே கிளம்பிவிட்டது.

கூட்டம் கலைந்தது. மணலி குழியில் ஏழு முட்டையிட்டு மண்ணால் மூடினாள். கெம்பையன் சற்றுத் தள்ளி, முகம் திருப்பி நின்றான்.

"அக்கா, அன்னைக்கு எனக்குக் கேட்டது. என்னை மன்னிச்சிருங்க."

"கூட்டத்துல இருந்த ஓணான் வந்து சொல்லிருச்சு தம்பி." மணலி மண்ணை ஒரு தட்டுத் தட்டினாள். "உங்களுக்குத்தான் ஒரு மழைக்காலம் வேலை இல்லையாமே? இந்த மேட்டுக்குக் காவல் இருங்களேன். நரி நிக்கிற இடத்துல கீரி வராது!"

கெம்பையன் சிரித்தான். அந்த மழைக்காலம் முழுவதும் மேட்டைச் சுற்றி நடந்தான். புதிதாக வக்கீலாக வந்தவர்களையும் அங்கேயே வரச் சொல்லி, மணலியோடு நடக்கவிட்டான். அதிலே இரண்டு பேர் சலித்துப்போய் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் நல்ல வக்கீல்கள் ஆனார்கள். மழை முடிந்து மண் பிளந்தபோது ஏழு குட்டி ஆமைகளும் வெளியே வந்தன. அவன் முன்னங்காலைச் சுற்றித்தான் முதல் ஊர்வலம் போயின!

எளியவர் நடக்கிற வழியைத் தானும் நடந்து பார்த்து, தன் தப்பைக் கடவுளுக்கு முன்னும் சபைக்கு முன்னும் ஒத்துக்கொள்கிறவரால்தான் நியாயத்தைச் சீர்ப்படுத்த முடியும்.

கதை கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எப்போதாவது கோர்ட்டு வாசல் பக்கம் போனால், யாராவது கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார்கள், அதை வாங்கிப் படித்து, எந்த அறை என்று கூடவே போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.